விறகும் சிற்பமும்

யாரிடமும் பயிலாமல், கழித்துப்போட்ட மரத்தில் சிற்பம் செதுக்கும் நாட்டுப்புறக் கலைஞர்களைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். பென்னாகரம் பக்கத்து மாணவி ஒருத்தி கேட்டாள்: "அவங்க வீட்ல அடுப்பு எதுல எரிஞ்சது, மேடம்?"

தருமபுரிக் கிராமங்களில் கழிவு மரம் என்று ஒன்று கிடையாது. பட்டறையில் விழும் செதுக்கல், உடைந்த ஏர், காய்ந்த வேலிமுள், எல்லாமே விறகு. 2016இல் உஜ்வாலா திட்டம் வந்தபின்னும், சிலிண்டர் விலைக்குப் பயந்து விறகடுப்பை விடாத வீடுகள் உண்டு. பொறுக்குவதும் சுமப்பதும் பெரும்பாலும் பெண்கள். வேரின் வளைவில் மயில் கழுத்தை அவர்களும் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டு உலை வைத்திருப்பார்கள்.

ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் முதுமையில் சுள்ளியையும் மரத்துண்டையும் பறவையாக, விலங்காக மாற்றி விளையாடினார். அழகானவைதாம். அந்தச் சுள்ளியை எதிர்பார்த்து அவர் வீட்டு அடுப்பு காத்திருக்கவில்லை.

சத்தீஸ்கரின் சர்குஜா பகுதியில், புஹ்புத்ரா கிராமத்துச் சோனாபாய் ராஜவாரை அவர் கணவர் சுமார் 15 ஆண்டுகள் வீட்டைவிட்டு வெளியே விடவில்லை. மகனுக்கு விளையாட்டுப் பொருள் இல்லை. மண்ணைப் பிசைந்து பொம்மை செய்தார். பிறகு மூங்கில் சிம்புகளை வளைத்துக் கட்டி, மண் பூசி, வெயில் தணிக்கும் சாளரத் தட்டிகள் செய்தார். அவற்றில் பறவைகளையும் மனிதர்களையும் உட்காரவைத்தார். 1983இல் குடியரசுத் தலைவர் விருது வந்தது. 2007இல் மறைந்தார்.

அவரைத் 'தானே கற்றவர்' என்று புகழ்கிறோம். கற்றுத்தர ஒருவரும் வரமுடியாதபடி கதவு சாத்தியிருந்தது என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. தனிமைதான் அவரைக் கலைஞராக்கியது என்று எழுதுகிறவர்கள், தெரியாமலே கதவைச் சாத்தியவருக்கும் விருதில் பங்கு தருகிறார்கள்.

ஆனால் ஒரு சங்கடத்தை நான் தாண்ட முடியவில்லை. வெளியே விட்டிருந்தால் அவருக்கு வயலும் விறகும்தான் காத்திருந்திருக்கும். பொம்மைக்கு நேரம் கிடைத்திருக்குமா? பூட்டிய வீடு, இல்லாவிட்டால் தலைச்சுமை. இந்த இரண்டில் எது கலைக்கு உகந்தது என்று கேட்கவே எனக்குக் கூசுகிறது. மூன்றாவதாக ஒன்று, சும்மா உட்கார ஒரு மதியம், அவருக்கு ஏன் இல்லை என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

பின்னாளில் மகனும் மருமகளும் ஊராரில் சிலரும் சோனாபாயிடம் இந்தக் கலையைக் கற்றுக்கொண்டார்கள். அப்போது கதவு திறந்திருந்தது.