கேளாத கொடை

பசித்தவருக்கு உணவு, பிணியுற்றவருக்கு மருந்து, கல்லாதவருக்குக் கல்வி, அஞ்சியவருக்கு அடைக்கலம் எனத் தானம் நால்வகைப்படும் என்று இளமை முதலே கேட்டு வளர்ந்துள்ளோம். இந்நான்கிலும் பெறுபவரின் தேவை முன்னே செல்கிறது. கொடை அதனைப் பின்தொடர்கிறது. ஆனால், யாரும் கேளாத ஒன்றை, யாவரும் நடக்கும் வழியில் கொண்டுவந்து வைப்பதும் கொடையாகுமா? இவ்வினாவைச் சற்றே சிந்திப்போம்.

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநகரில் ‘பப்ளிக் ஆர்ட் ஃபண்ட்’ என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று உள்ளது. டோரிஸ் ஃப்ரீட்மன் என்னும் அம்மையார் 1977இல் இதனை நிறுவினார். கலைக்கூடத்திற்குச் செல்லப் பொழுதும் பொருளும் பழக்கமும் இல்லாதவரும் இக்காலக் கலையைக் காணவேண்டும் என்பது இதன் நோக்கம். பூங்காவிலும் சதுக்கத்திலும் ஆற்றங்கரையிலும் படைப்புகளை வைக்கிறார்கள். காண்பதற்குக் கட்டணம் இல்லை. கலை செல்வர் இல்லத்துச் சுவரோடு நின்றுவிடலாகாது என்பதை எவர் மறுப்பார்?

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கலைக்கூடத்திற்குள் நுழைபவர் விரும்பி நுழைகிறார், பிடிக்காவிடில் வெளியேறலாம். பணிக்குச் செல்லும் வழியில் நிற்கும் படைப்பிலிருந்து ஒருவர் நாள்தோறும் எங்ஙனம் விலகுவார்?

இதே மாநகரில், இவ்வமைப்பைச் சாராத நிகழ்ச்சி ஒன்றால் இதனை உணரலாம். 1981இல் மைய அரசின் துறை ஒன்று, தன் அலுவலக முற்றத்தில் ரிச்சர்ட் செர்ரா என்னும் சிற்பியின் ‘சாய்ந்த வில்’ என்ற படைப்பை நிறுவியது. 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட எஃகுச் சுவர் அது. முற்றத்தைக் குறுக்கே கடந்த ஊழியர்கள் சுற்றி நடக்க வேண்டியதாயிற்று. 1985இல் பொது விசாரணை நடந்தது. 1989இல் சுவர் அகற்றப்பட்டது. அவ்விடத்திற்கென்றே செய்ததைப் பெயர்ப்பது அதனை அழிப்பதற்கு ஒப்பாகும் என்றார் சிற்பி. அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும், கேளாதவர் வழியில் வந்து நிற்பது, என்றைக்கும் நிற்பேன் என்று கூறத் தகுமோ?

முன்னர்க் கூறிய அமைப்போ, பெரும்பாலும் சில திங்கள் அளவே படைப்புகளை வைத்துப் பின்னர் எடுத்துவிடுகிறது. நிலையாமையை ஏற்றுக்கொண்ட கொடையில் செருக்குக் குறைவு. ஆனால் குறுகிய காலக் கொடையும் துன்பம் தரக்கூடும் என்பதற்கு 2008இல் நிகழ்ந்ததே சான்று.

அவ்வாண்டு ஜூன் முதல் அக்டோபர் வரை, ஓலாஃபர் எலியாசன் என்னும் கலைஞர் இவ்வமைப்பின் வாயிலாக ஈஸ்ட் ரிவர் கரையோரம் நான்கு அருவிகளை எழுப்பினார். 90 முதல் 120 அடி வரை உயர்ந்த இரும்புச் சாரங்களின் உச்சிக்குப் பம்புகளால் நீரேற்றி விழச் செய்தார். மீன்கள் உள்ளிழுக்கப்படாதவாறு வடிகட்டும் ஏற்பாடும் இருந்தது. அக்கருணையைப் போற்றுகிறோம். ஆனால் ஈஸ்ட் ரிவர் பெயரளவிலேயே ஆறு; உண்மையில் கடல்நீர் ஏறி இறங்கும் நீரிணை. புரூக்ளின் கரையில் உப்புத் திவலைகள் காற்றில் பறந்து மரங்களின் மேல் படிந்தன. கோடையிலேயே இலைகள் பழுத்து உதிர்வதைக் கண்டு மக்கள் முறையிட்டனர். மரங்களை நன்னீரால் கழுவினர்; செப்டம்பரில், வாரத்திற்கு 100 மணி அளவில் ஓடிய அருவிகளை ஏறத்தாழப் பாதி நேரமாகக் குறைத்தனர்.

அருவிகளை 14 இலட்சம் பேர் கண்டதாக மாநகராட்சி கணக்கிட்டது. அத்தனை பேர் மகிழ்ச்சிக்கு முன் சில மரங்களின் இலை எம்மாத்திரம் என்று சிலர் கேட்கலாம். ஓரறிவுயிரையும் உயிரென்று எண்ணும் நாம் அவ்வாறு கேட்க இயலாது. மகிழ்ந்தவர் ஒருவர், வாடியது வேறொன்று. ஒருவர் இன்பத்தைக் கொண்டு மற்றொன்றின் துன்பத்தைக் கழித்துவிட முடியாது.

நாம் ஆசிரியப் பணியில் இருந்தபோது, பெரியதோர் உலகப்படத்தை வகுப்பறைச் சன்னலின் மேல் தொங்கவிட்டோம். மாணவியர் மகிழ்வர் என்றே எண்ணினோம். ஒரு வாரம் சென்றபின் கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி, “டீச்சர், வெளிச்சம் இல்லை, புத்தகம் தெரியவில்லை” என்றாள். படம் தீயதன்று; நம் நோக்கமும் தீயதன்று. ஆனால் அவளை நாம் கேட்கவில்லை. படத்தை வேறு சுவருக்கு மாற்ற ஒரு நிமிடம் போதுமானதாயிற்று. அவள் வாய் திறக்கத்தான் ஒரு வாரம் ஆயிற்று. அம்மரங்களுக்கோ வாயும் இல்லை, இலைகளே முறையிட்டன.

ஆகவே, பொதுவிடத்தில் கலையை வைக்கலாகாது என்று நாம் கூறவில்லை. அழகும் வியப்பும் எளியோர்க்கும் உரியவையே. ஆனால் கேளாத கொடையை வழங்குவோர்க்குக் கடமை இரட்டிப்பாகிறது. வைக்குமுன் அங்கு வாழ்வோரைக் கேட்க வேண்டும். வைத்தபின் வாடுவது எது என்று கவனிக்க வேண்டும். துன்பம் தெரிந்தவுடன் குறைக்கவோ அகற்றவோ மனம் வேண்டும். தவறே நேராத கொடை அரிது. தவறு தெரிந்தபின் நீரைக் குறைத்த அந்தக் கை, அருவியை எழுப்பிய கையினும் உயர்ந்தது என்பதே நம் துணிபு. ஊருக்கு நன்மை செய்யப் புறப்படும் நாமும் இதனை நெஞ்சில் இருத்துவோமாக.