வைக்கோல் யாருக்குக் கழிவு?

2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, எத்தனால் தயாரிக்கும் மூலப்பொருள்களில் வைக்கோலையும் சேர்த்தது. 2022இல் பானிபட்டில் அதற்கென ஓர் ஆலையே வந்தது. வைக்கோலை வயலிலேயே கொளுத்தும் ஊர்களில் அது கழிவு. எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் அது மாட்டுத்தீனி.

நடவும் களையெடுப்பும் செய்த வயலில் கொஞ்சம் வைக்கோல் கேட்டு வாங்கி, ஒரு மாட்டை வளர்த்து, பால் ஊற்றிப் பிழைக்கிற நிலமற்ற பெண்ணிடம் பத்திரம் கிடையாது, வழக்கம்தான் உண்டு. ஆலை விலை கொடுத்தால் பணம் பட்டாதாரருக்குப் போகும், வழக்கம் நின்றுவிடும். சட்டம் எதுவும் மீறப்படாது. ஆனாலும் அவளுடையது ஒன்று பறிபோயிருக்கும். பத்திரமில்லாத உரிமையும் உரிமைதான் என்கிறேன். அதை ஈட்டியது அவள் உழைப்பு.

இந்த உயிரிப் பொருளாதாரத்தின் சமூக விளைவுகளை ஆராய, பல துறையினர் சேர்ந்த குழுக்களுக்குப் பல்கலைக்கழகங்கள் தொடக்க நிதி தருகின்றன. வேண்டிய முயற்சிதான். ஆனால் குழுவில் எத்தனை துறை என்பதைவிட, யாரிடம் கேட்கிறார்கள் என்பது முக்கியம்.

இது எங்கள் ஊருக்குப் பழைய கேள்வி. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை மக்களாட்சியின் சான்றாகப் பாடநூலில் படிக்கிறோம். குடவோலையில் பெயர் எழுத, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். நிலமற்றவரின் பெயர் குடத்துக்குள் விழ வழியே இல்லை. பட்டாதாரர் பட்டியலைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வும் அதே குடத்துக்குள்தான் கையை விடுகிறது.

கேள்வித்தாள் அச்சாகும் முன்பே அவளிடம் போக வேண்டும். எதை அளக்க வேண்டும் என்று அவளும் சொல்லட்டும். அந்த நேரத்துக்கான கூலி, நிதியின் முதல் செலவாக இருக்கட்டும்.