ஆமென் சொன்னது யாருக்கு?

தும்பா மகதலா மரியா கோயில் கதையை மணப்பாட்டுப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். விக்ரம் சாராபாய் ராக்கெட் ஏவ இடம் கேட்கிறார். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரெய்ரா தானாக முடிவெடுக்காமல் ஞாயிறு பூசையில் சனத்திடம் கேட்கிறார். சனம் ஆமென் என்கிறது. கோயில் ஆய்வுக்கூடமாகி, 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்புகிறது. அப்துல் கலாம் எழுதியதால் ஊரறிந்த கதை. கேட்டவர் ஒரு கம்பெனி முதலாளியாக இருந்திருந்தால்?

இந்தக் கேள்வி பக்கத்து ஊரால் வந்தது. குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விட்டால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டும். அந்த வளைவுக்கு ஆகும் எரிபொருளைச் சின்ன ராக்கெட் தாங்காது. இங்கே நேர் தெற்கே வெறும் கடல். 500 கிலோ தூக்கும், இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்காகவே தளம். அந்த ராக்கெட்டைச் செய்யும் தொழில்நுட்பத்தை 2025-இல் பொதுத்துறை நிறுவனமான எச்.ஏ.எல். 511 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. சென்னை அக்னிகுல், ஹைதராபாத் ஸ்கைரூட் என்று தனியாரும் வந்துவிட்டார்கள். விண்ணுக்குப் போன ராக்கெட்டின் அடிப்பாகத்தை 2015-இல் ஸ்பேஸ்எக்ஸ் தரையிறக்கிக் காட்டிய பிறகு, இஸ்ரோ மட்டும் பழையபடியே இருந்துவிட முடியுமா?

தனியார் வந்தது பாவமென்று நான் சொல்லவில்லை. 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லெயோ தனிச்சொத்துக்காகவே வாதாடினார். அவருக்கு ஆறு நூற்றாண்டு முந்திய புனித தாமஸ் அக்குவினாஸ்தான் எனக்கு நெருக்கம்: பொருளைப் பேணுவது தனியாளாக இருக்கலாம், பயன்படுத்தும்போது அதைப் பொதுவாகவே கருத வேண்டும் என்கிறார்.

இதற்கு உள்ளூரிலேயே உதாரணம் உண்டு. குலசை தசராவில் வேஷம் கட்டியவர்கள் வீடுவீடாய்க் காசு பிரித்து முத்தாரம்மன் உண்டியலில் போடுவார்கள். வேதக்கார வீடென்று நாங்களும் கொடுக்காமல் இருந்ததில்லை. அதே வேஷத்தில் வந்து ஒருவர் கடைக்கு முதல் திரட்டினால் கொடுப்போமா?

ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. வள்ளம் கரையில் கிடக்கும், அன்றைய பாடு போச்சு. புயலைப் பார்க்கும் செயற்கைக்கோள் போகிறதென்றால் அந்த நாளை மீனவன் மனசாரக் கொடுப்பான், அது தானம். எங்கோ ஒரு கம்பெனியின் இணையச் செயற்கைக்கோள் கட்டணத்துக்குப் போகும்போதும் அவன் தானம்தான் செய்ய வேண்டுமா? அந்தக் கட்டணத்தில் அன்றைய மீன்பாட்டின் விலையும் சேர வேண்டும் என்பேன்.

எங்கள் பங்குச் சாமியாரிடம் இதைச் சொன்னேன். வயதில் சின்னவர். "அப்போ இது பூசையில கேக்குற காரியம் இல்ல சார், ஒப்பந்தத்துல எழுதுற காரியம்" என்றார்.