நிலாவும் நேர அட்டவணையும்

கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் நாள்களை நிலாதான் நடத்துகிறது. அமாவாசை வந்தால் மேட்டூர், பாலாறு வழியாகத் தமிழ்நாட்டுப் பக்தர்கள் மலையேறுவார்கள். சிவராத்திரிக்குக் கூட்டம் இன்னும் பெருகும்.

பொதுத்தேர்வு நிலாவைப் பார்த்து நடப்பதில்லை. 2024இல் சிவராத்திரி மார்ச் 8. தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வோ மார்ச் 1 முதல் 22 வரை. வீடே மலைக்குக் கிளம்பும்போது இயற்பியல் புத்தகத்தோடு தங்கிவிடும் பிள்ளை, சாமிக்குரிய நேரத்தை எடுத்துக்கொள்கிறதா?

இல்லை.

சிவராத்திரியே ஓர் அட்டவணைதான்: இரவை நான்கு சாமமாகப் பிரித்து, சாமத்துக்கொரு பூசை. முதல் சாம அபிஷேகத்தின்போது நான்காம் சாமத்தை நினைத்து யாரும் பதறுவதில்லை. பாடவேளைகளை வண்ணப் பேனாவால் கட்டம்போட்டு வைக்கும் மாணவர்களுக்கு இந்த நிதானம்தான் கைகூடுவதில்லை. கணக்கைப் போடும்போது மனம் வேதியியலில் நிற்கிறது.

மலையின் சாமியான மாதேஸ்வரனைப் பாடும், கம்சாளே என்னும் தாளக்கருவியை இசைக்கும் கலைஞரைக் கவனித்தால் இந்த நிதானம் புரியும். இடக்கையில் வெண்கலக் கிண்ணம். வலக்கையில் கயிற்றில் சுழலும் தட்டு. பாட்டும் ஆட்டமும் நடக்க, தட்டு ஒவ்வொரு சுற்றிலும் கிண்ணத்தில் வந்து விழுகிறது, தாளம் பிசகாமல்.