ஒரு நொடி மிச்சம் இருக்கிறது, ஓடுங்கள்!

தம்பிகளே, தங்கைகளே! இந்தப் பருவத்தில் உங்கள் கல்லூரி ஹாக்கி அணி ஏன் தோற்கிறது? நடுவர் சரியில்லை, மைதானம் சரியில்லை, பயிற்சியாளர் ஆளை மாற்றியது சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறீர்கள். திறமைக்குக் குறைவே இல்லை என்றும் சொல்கிறீர்கள். அது உண்மை. நோயும் அங்கேதான் இருக்கிறது! திறமை இருக்கிறது என்ற தைரியத்தில் கால்கள் ஓய்வெடுக்கின்றன. பந்து மட்டையில் இருக்கும்வரை புலியாகப் பாய்கிறீர்கள். பறிபோனதும் இடுப்பில் கை வைத்து நிற்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவன் பார்த்துக்கொள்வான் என்று நினைக்கிறீர்கள். அவனும் அதையேதான் நினைக்கிறான்!

திறமை மட்டும் போதாது என்பதற்கு ஐஸ் ஹாக்கியிலிருந்து ஒரு சான்று. 2021-ல் என்.எச்.எல். தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்தன. முதல் ஐந்து பேரில் நால்வர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர்கள் அல்லது ஆட இருந்தவர்கள். அந்த நால்வரும் ஒன்றாக ஆடிய பருவத்தில், 2022 கல்லூரிகளுக்கான தேசிய அரையிறுதியில் டென்வர் பல்கலைக்கழகம் கூடுதல் நேரத்தில் 3-2 என அவர்களை வீழ்த்தியது. திறமை வாசல்வரைதான் கொண்டுபோய் விடும்.

இப்போது இதற்கு நேர்மாறான கதை. 1980 குளிர்கால ஒலிம்பிக்கின் ஐஸ் ஹாக்கிக்கு அமெரிக்கா அனுப்பியது பெரும்பாலும் கல்லூரி மாணவர்களைக் கொண்ட அணி. பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ். 1979 செப்டம்பரில் ஆஸ்லோவில் நார்வேயுடன் ஏனோதானோவென்று ஆடி 3-3 எனச் சமன் செய்தார்கள். ஆட்டம் முடிந்ததும் புரூக்ஸ் யாரையும் வெளியே விடவில்லை. கோல் கோட்டிலிருந்து நீலக்கோடு, திரும்பு, நடுக்கோடு, திரும்பு, எதிர்முனை, திரும்பு! அரங்க ஊழியர்கள் விளக்கை அணைத்தார்கள். இருட்டிலும் சறுக்க வைத்தார்.

அது வெறும் தண்டனையா? இல்லவே இல்லை. அதன் பலன் 1980 பிப்ரவரி 22 அன்று, ஒலிம்பிக் நடந்த லேக் பிளாசிடில் தெரிந்தது. எதிரே, தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற சோவியத் அணி. ஒலிம்பிக் ஆட்டங்கள் தொடங்க மூன்று நாள் இருக்கும்போது நியூயார்க்கில் இந்த அமெரிக்க அணியை 10-3 என நசுக்கிய அதே அணி! மூன்று பகுதி கொண்ட ஆட்டத்தில் முதல் பகுதி முடியப்போகிறது. சோவியத் 2-1 என முன்னிலை. டேவ் கிறிஸ்டியன் வெகுதூரத்திலிருந்து அடித்த வட்டை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் இதுதான்), அன்று உலகின் தலைசிறந்தவர் எனப் பேசப்பட்ட சோவியத் கோல்கீப்பர் திரெத்தியாக் தடுத்தார். வட்டு முன்னால் தெறித்தது. நேரம் முடிந்தது என்று சோவியத் தடுப்பாளர்கள் இருவரும் வேகத்தைக் குறைத்தார்கள். அமெரிக்காவின் மார்க் ஜான்சன் குறைக்கவில்லை. இருவருக்கும் நடுவே பாய்ந்து வட்டை வலைக்குள் தள்ளினார். கடிகாரத்தில் மிச்சம் ஒரே நொடி! 2-2. அந்த ஆட்டத்தில் திரெத்தியாக் அதன்பிறகு களமிறங்கவே இல்லை. இறுதியில் 4-3 என வென்றது மாணவர் படை.

எத்தனை சாகச வித்தைகள் தெரிந்த அணி சோவியத்! அந்த ஒரு நொடியில் நின்றது அவர்களின் கால். உங்கள் அணியிலும் அதுவேதான் நடக்கிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்த வெற்றியோடு தங்கம் வந்துவிடவில்லை. இரண்டு நாள் கழித்துப் பின்லாந்திடம் இரண்டு பகுதிகள் முடிந்தபோது 1-2 எனப் பின்தங்கினார்கள். உலகமே கொண்டாடிய பிறகும் கால் ஓயாமல் ஓடி, கடைசிப் பகுதியில் மூன்று கோல் அடித்து, 4-2 என முடித்துத் தங்கத்தைத் தூக்கினார்கள்!

எழுந்திருங்கள்! நாளைக் காலைப் பயிற்சியில் பந்து பறிபோன மறுகணமே திரும்பி ஓடுங்கள். அணியின் நட்சத்திரம்தான் முதலில் ஓட வேண்டும். நிற்கிறவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் பெயர் சொல்லிக் கூவி அழையுங்கள்.