வண்டலும் பொறுப்பும்

நதியைத் தாய் என்று எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. தாய் இறந்துபோனால் ஒப்பாரி வைக்கலாம்; ஒப்பாரி வைப்பவனிடம் மரணத்தின் காரணத்தை யாரும் கேட்பதில்லை. நொய்யலைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதப்படும் கவிதைகளில் பெரும்பாலானவை இந்தச் சௌகரியத்தைப் பயன்படுத்திக்கொள்கின்றன. நிறம் மாறிய நீர், நுரை, செத்து மிதக்கும் மீன் இவையெல்லாம் படிமமாகி, படிமம் துக்கமாகி, துக்கம் கவிஞனின் நல்லெண்ணத்துக்குச் சான்றாகி முடிந்துவிடுகிறது. எது கொன்றது, எப்படிக் கொன்றது, அதில் யாருக்கு என்ன பங்கு என்ற கேள்விகள் கவிதைக்கு வெளியே, ரசாயனக் கூடத்தின் மேஜைமேல் கிடக்கின்றன. அவை நமக்குரிய கேள்விகள் அல்ல என்ற மனோபாவத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு தீங்கைச் சரியாகப் பெயரிடுவது விஞ்ஞான காரியம் மட்டுமல்ல. தார்மிகம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். பெயரிட்ட பிறகும் அது முடிந்துவிடுவதில்லை என்பது இன்னொரு விஷயம்.

முதலில் ஸ்தூலமான சில தகவல்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் சேர்கிற ஆறு நொய்யல். காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் இடையே ஒரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே கட்டிய அணை 1992-ல் பயனுக்கு வந்தது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி பெருகிக்கொண்டிருந்த காலமும் அதுவே. மழையற்ற மாதங்களில் ஆற்றில் வந்தது பெரும்பாலும் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் விட்ட கழிவு. சில ஆண்டுகளுக்குள் பாசன அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. அணையில் தண்ணீர் நிற்கக்கூடாது என்று பாசனக்காரர்களே நீதிமன்றம் போகவேண்டி வந்தது. அணை கட்டிய தேசங்கள் பல. இப்படி ஒரு மனு அபூர்வம்.

ஆற்றில் நீர் ஓடிவிடுகிறது. தங்குவது வண்டல். அணையில் ஓட்டம் நிற்கும்போது நீர் சுமந்துவந்த நுண்மண் அடியில் இறங்குகிறது. 63 மைக்ரானுக்குக் குறைவான இந்தத் துகள்களுக்குப் பரப்பு மிக அதிகம். களிமண்ணும், மட்கிய பொருளும், இரும்பு-மாங்கனீஸ் ஆக்ஸைடுகளும் நீரில் கரைந்து வரும் செம்பு, குரோமியம், துத்தநாகம், ஈயம் போன்றவற்றைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. மயில்கழுத்து நீலம் தருகிற சாயத்தின் மூலக்கூறில் செம்பு இருக்கிறது. வேறு சில சாயங்களில் குரோமியம். எந்த ஆண்டு எந்த நிறம் எந்தக் கடல்தாண்டிய ஊரில் விரும்பப்பட்டது என்பதற்குக்கூட வண்டலில் தடயம் கிடைக்கலாம்.

உப்பு விஷயம் வேறு. பருத்தியில் சாயம் ஏறவேண்டுமானால் உப்பு வேண்டும். நீரில் நனைந்த நூலும் சாயமும் ஒரே மின்தன்மை கொண்டு ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைத் தணிக்கிறது. லிட்டருக்கு 40 கிராமிலிருந்து 80 கிராம் வரை போடுவார்கள். துணியில் அது சேர்வதில்லை. வேலையை முடித்துவிட்டு முழுவதுமாகக் கழிவோடு போகிறது. உப்பு விஷமல்ல. நாம் தின்பது, அல்லது அதன் பங்காளியான சோடியம் சல்பேட். ஆனால் கிணற்றையும் வயலையும் கெடுத்ததில் அதற்குத்தான் பெரும் பங்கு. உப்பிட்டவரை நினைக்கச் சொன்ன மொழி நம்முடையது. உப்பு எங்கே இடப்படுகிறது, எவ்வளவு இடப்படுகிறது என்பதுபற்றி அது ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. தீங்கு என்பது பொருளின் ஸ்வபாவத்தில் இல்லை, உறவில் இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் நம் கவிதைகள் நம்பியிருப்பது அதைத்தான். ‘அஸோ’ வகைச் சாயங்கள் பிராணவாயு எட்டாத சேற்றில் பாக்டீரியாக்களால் உடைபடுகின்றன. உடைந்ததும் நிறம் போய்விடுகிறது. நீர் தெளிந்துவிட்டது என்று கண் சமாதானமடைகிறது. ஆனால் உடைந்தவற்றில் சில, அமீன்கள். பென்ஸிடின் போன்ற சில அமீன்கள் மூத்திரப்பையில் புற்றுநோய் உண்டாக்குபவை. பிராங்க்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் சாயத் தொழிலாளர்களிடம் இந்த நோயைக் கண்டு சொன்னது 1895-ல். 1994-ல் ஜெர்மனி இப்படி உடையக்கூடிய சாயங்களை உடுப்புகளில் தடைசெய்தது. பிறகு இந்தியாவும் பல சாயங்களைத் தடைசெய்தது. அதனால் ஆற்றுக்கும் நன்மை வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தடையின் மொழியைக் கவனிக்கவேண்டும்: அது உடுத்துகிறவரின் தோலைப் பற்றிப் பேசிற்று. ஆறு எவருடைய தோல் என்று யாரும் கேட்கவில்லை.

இனி, பெயரிடும் முறை. வண்டலில் விஷத்தைக் கண்டறிய இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஒரு பட்டியலுடன் போவது. சேற்றைக் காயவைத்து, சலித்து, அமிலத்தில் கரைத்து, இந்தந்த உலோகம் இத்தனை மில்லிகிராம் என்று அளப்பது. இதன் போதாமையை 1979-ல் டெஸ்ஸியேவும் சகாக்களும் எடுத்துக்காட்டினார்கள். ஒரே அளவு செம்பு ஒரு சேற்றில் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும், உப்புநீர் பட்டாலே கழன்றுவிடும். இன்னொன்றில் கனிமத்துக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கும், ஒரு யுகத்துக்கும் வெளிவராது. ஆகவே அவர்கள் சேற்றை ஐந்து படிகளில், மென்மையான கரைப்பானிலிருந்து கடுமையானது வரை கொண்டு கரைத்தார்கள். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எந்தப் பிணைப்பில் இருக்கிறது என்பதே கேள்வி. மனிதர்களின் குற்றத்தை அளக்கும்போதும் இந்த வித்தியாசம் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வழி எதிர்த்திசையில் வருகிறது. அது பட்டியலை நம்புவதில்லை. சேற்றின் சாற்றை உயிருள்ள ஒன்றின்மேல் — பூச்சியின் புழு, பாசி, மீன் முட்டை — சோதிக்கிறது. சாவு நேர்ந்தால், சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மறுபடி சோதித்து, கொல்கிற பகுதியைப் பின்தொடர்ந்துபோய் அதன் பெயரைக் கேட்கிறது. பட்டியல்முறை தான் தேடியதை மட்டுமே காணும். இந்த முறை தேடாததையும் காணும். மினமாட்டாவில் 1956-ல் நோய் அறியப்பட்டது. 1959-ல் சிஸ்ஸோ ஆலையின் மருத்துவரே ஆலைக் கழிவைப் பூனைக்கு ஊட்டிப் பார்த்தார். பூனை அதே நோயில் விழுந்தது. அந்த முடிவு மறைக்கப்பட்டது. ஆலையின் மெத்தில் பாதரசமே காரணம் என்று ஜப்பானிய அரசு ஒப்புக்கொண்டது 1968-ல். பூனைக்கும் அரசுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். பெயர் தெரியாததால் போன ஆண்டுகள் அல்ல அவை.

காங்கேயத்தில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு நகைக்கடன் புதுப்பிக்க வரும் பெரியவர் ஒருவர், ஆற்றோரக் காட்டுக்காரர், ஒருநாள் சொன்னார்: “தண்ணி கண்ணுக்கு நல்லாத்தானுங்க சார் இருக்குது. மாடு மோந்து பாத்துப்போட்டுத் திரும்பிக்குதுங்க.” இரண்டாவது முறை என்று நான் மேலே சொன்னது இதுவேதான். கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் மேய்ந்து, கொஞ்சம் தண்ணீரில் காலம் தள்ளப் பழகிய இனம் காங்கேயம் மாடு. அது மறுக்கிற தண்ணீரைப் பற்றி ஓர் அறிக்கை எழுதலாம். ஆனால் மாட்டின் சாட்சியம் பெயர் சொல்லாது; பெயர் சொல்லாத சாட்சியத்தை எந்த மன்றமும் பதிவுசெய்துகொள்ளாது. ரசாயனம் மாட்டுக்கு வக்கீலாக வேண்டியிருக்கிறது.

உயிரினங்கள் விஷயத்திலும் ஒரு ஏமாற்று உண்டு. சேறு கெட்டால் எல்லாம் செத்துவிடுவதில்லை. நல்ல நீரில் வாழும் ஈசல் போன்ற பூச்சிகளின் இளம்புழுக்கள் முதலில் போகும். ரத்தச் சிவப்பான கொசு போன்ற பூச்சிகளின் புழுக்களும், வாலை ஆட்டிக்கொண்டிருக்கும் சேற்றுப்புழுக்களும் குறைந்த பிராணவாயுவில் வாழத் தெரிந்தவை, அவை பெருகும். தலைகளை எண்ணினால் ஆறு முன்னைவிட உயிரோட்டமாகத் தெரியும். ஒரு சமூகத்தில் எவையெல்லாம் பெருகுகின்றன என்பதைவிட எவையெல்லாம் காணாமல் போயின என்று கேட்பதே விமர்சனம். இலக்கியத்திலும் அப்படித்தான்.

விஷத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது பொறுப்பு யாருடையது? இங்கேதான் ரசாயனம் கைவிரிக்கிறது. செம்புக்கு முகவரி கிடையாது. எழுநூறு பட்டறைகளின் செம்பும் வண்டலில் ஒரே செம்புதான். ஒவ்வொருவரும் ‘என் பங்கு சொற்பம், நான் மட்டும் நிறுத்தினால் ஆறு பிழைத்துவிடாது’ என்று சொல்லலாம். அது பொய்யும் அல்ல. தனித்தனியே எடுத்தால் எவரும் கொல்லவில்லை. கூட்டிப் பார்த்தால் கொலை நடந்திருக்கிறது. நம்முடைய அறச் சிந்தனை ஒரு கை, ஒரு கத்தி, ஒரு உடல் என்ற கணக்கில் வளர்ந்தது. இந்த மாதிரிக் கொலைக்கு அதனிடம் சொல் இல்லை.

நீதிமன்றம் சொல்லுக்குப் பதில் எண்ணைத் தந்தது. இழப்பை மதிப்பிட்ட ஆணையம் 2004-ல் 28,000-க்கு மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் என்றது. தலைக்கு ஒன்பதாயிரம்கூட வராது. 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவை முற்றாக நிறுத்த 2007 ஜூலை 31 வரை கெடு கொடுத்து, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 பைசா, பிறகு 8, பிறகு 10 பைசா செலுத்தச் சொன்னது. 2009-ல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நிறைவேறாததால் 2011 ஜனவரியில் எல்லாச் சாயப்பட்டறைகளும் மூடப்பட்டன. தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்கள் இழப்பை மதிப்பிட ஆணையம் ஏதும் அமைந்ததாகத் தெரியவில்லை.

6 பைசாவைக் கேலி செய்வது சுலபம். நான் செய்யமாட்டேன். விலையே இல்லாதிருந்த ஒன்றுக்கு அது விலை வைத்தது. இலவசமாக நடந்துகொண்டிருந்த காரியத்தைக் கணக்குக்குள் கொண்டுவந்தது. என் ஆட்சேபம் வேறு. பேரேடு எழுதிப் பழகியவனுக்கு அபராதத்துக்கும் கடனுக்கும் வித்தியாசம் தெரியும். அபராதம் கட்டினால் கணக்கு முடிந்துவிடும். லிட்டர் கணக்கு ஓடும் நீருக்கானது. ஓடிய நீர் விட்டுச்சென்ற வண்டல் நிலுவையாக அப்படியே நிற்கிறது. அதைத் தூர்வாரினால் பிடிப்பில் இருந்த விஷம் கலங்கி மறுபடி நீரில் சேரலாம்; வாராமல் விட்டால் அடுத்த வெள்ளம் கீழ்நிலத்துக்குக் கொண்டுபோகலாம். 2002 வெள்ளத்தில் எல்பே நதியில் பழைய ஆலைகளின் விஷம் அப்படித்தான் எழுந்து நடந்தது. கழிவை வெளிவிடாத புதிய நிலையங்கள் வந்தபோதும், பிரிக்கப்பட்ட கசடும் கலப்பு உப்பும் மூட்டைகளில் கொட்டகைகளுக்குள் குவிந்தன. விஷம் முகவரி மாறிற்று. ஆற்றைவிடக் கொட்டகை மேலான முகவரிதான். ஆனால் முடிவான முகவரி அல்ல.

நம் மொழியில் ‘கடன்’ என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள் உண்டு. குற்றத்தை ஒருவன் இன்னொருவனுக்கு எழுதிவைக்க முடியாது. கடன் வாரிசுக்கு வரும். சொத்தை ஏற்றவன், தான் வாங்காத கடனையும் ஏற்கிறான். யாரும் அவனைக் குற்றவாளி என்பதில்லை, கடன்காரன் என்கிறார்கள். வண்டல் விஷயத்தில் நமக்குப் பொருத்தமான நிலை இதுவே என்று தோன்றுகிறது. பட்டறைக்காரன் மட்டுமல்ல; அவனுக்குக் கடன் கொடுத்துப் பெற்ற வட்டியில் சம்பளம் வாங்கும் என் போன்ற குமாஸ்தா, மலிவான பனியன் அணிந்து கவிதை வாசிக்கும் நீங்கள், அயல்நாட்டில் விலையை அடித்துப் பேசிய வியாபாரி — எல்லோருக்கும் சொத்தில் பங்கு உண்டு. பங்குகள் சமமல்ல; சமம் என்று சொல்வது பெரிய பங்குக்காரனுக்குச் செய்யும் உபகாரம். அதனால்தான் அளவு வேண்டும், பெயர் வேண்டும், எந்தப் பிணைப்பு என்று தெரியவேண்டும். ‘நாம் அனைவரும் குற்றவாளிகள்’ என்ற வாக்கியமும் ஒரு ஒப்பாரிதான்.

கவிஞனிடம் நான் கேட்பது ரசாயனப் பட்டியலை வரிகளாக உடைத்துத் தரும்படி அல்ல. நதியின் துக்கத்தைச் சொல்லும்முன் நதியின் அடியில் என்ன இருக்கிறது என்று அவன் தெரிந்துகொள்ளட்டும். தெரிந்துகொண்ட பிறகும் தாய் என்ற சொல் அவனுக்கு வருமானால், அப்போது அதில் கொஞ்சம் சேறு ஒட்டியிருக்கும்.