பொறுமைசாலி

மொன்றியலில் ஒரு மென்பொருள் திட்டத்தில் என்னோடு வேலை செய்த ஹெயிட்டிப் பெண் ஒருநாள் கூட்டத்தின் திகதியை மாற்றக் கேட்டார். கருப்பையில் கட்டிகள், சத்திரசிகிச்சை என்றார். "ஆறு வருடமாகச் சொன்னேன். மாதவிடாய் என்றால் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். மெட்ரோ படிக்கட்டில் மயங்கி விழுந்த பிறகுதான் ஸ்கான் எடுத்தார்கள்." பிறகு சிரித்தார். "ஒரு வைத்தியர் என்னைப் பாராட்டக்கூடச் செய்தார். நீங்கள் பலசாலி, தாங்குவீர்கள் என்று."

அந்தப் பாராட்டு என்னை உறுத்தியது. எங்கள் வீட்டிலும் அதைக் கேட்டிருக்கிறேன்.

ஃபைப்ராய்ட் எனப்படும் இந்தக் கட்டிகள் கருப்பைச் சுவரின் தசையில் வளர்பவை. புற்றுநோய் அல்ல. பலருக்கு ஒரு தொந்தரவும் இராது. சிலருக்கோ கடும் இரத்தப்போக்கு, இரத்தச்சோகை, ஓயாத அடிவயிற்று வலி. ஐம்பது வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கும் இவை வருகின்றன என்று 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணித்தது. கறுப்பினப் பெண்களுக்கு இவை இளவயதிலேயே தோன்றுகின்றன. அளவிலும் எண்ணிக்கையிலும் கூடுதலாக இருக்கின்றன.

இத்தனை பேருக்கு வருவதால்தானோ என்னவோ, 'சாதாரணம்' என்ற சொல் சுலபமாக வந்துவிடுகிறது. பலருக்கு வருகிறது என்பதற்காக ஒருவர் அதைப் பொறுத்துத்தான் ஆகவேண்டுமா?

கறுப்பினப் பெண் தாங்குவாள் என்ற நினைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1840களில் அலபாமாவில் ஜே. மரியன் சிம்ஸ் என்ற வைத்தியர் அனார்கா, பெற்சி, லூசி முதலிய அடிமைப் பெண்களுக்கு மயக்கமருந்து இல்லாமல் திரும்பத் திரும்பச் சத்திரசிகிச்சை செய்து பார்த்தார். நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவருடைய சிலை 2018இல்தான் அகற்றப்பட்டது. கறுப்பினத்தவரின் தோல் தடித்தது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி வைத்தியர்களிலும் பாதிப்பேர் நம்பினார்கள் என்று வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்று 2016இல் காட்டியது.

அமெரிக்கக் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2020 செப்டம்பரில், மொன்றியலுக்கு அருகே ஜோலியெற் வைத்தியசாலையில், அத்திக்கமெக் பழங்குடிப் பெண் ஜோய்ஸ் எஷாக்குவான் வலியால் கதறியபோது ஊழியர்கள் அவரை ஏளனம் செய்தார்கள். அவர் அதைத் தன் தொலைபேசியில் பதிவுசெய்தார், அன்றே இறந்தார். அந்த மரணத்தில் இனவாதத்துக்கும் பங்குண்டு என்று மரண விசாரணை அதிகாரி எழுதினார்.

கேளாமை இன்னொரு வடிவிலும் வரும். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களின் கருப்பைகள் தேவையில்லாமலே அகற்றப்பட்ட வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. ஓரிடத்தில் வலியைக் கவனிக்கவில்லை. இன்னோரிடத்தில் உறுப்பையே எடுத்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் அந்தப் பெண்ணிடம் யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை.

வலியை அளக்கக் கருவி இல்லையே, எல்லோரையும் எப்படி நம்புவது என்று ஒரு வைத்தியர் கேட்கலாம். எங்கள் தொழிலில் 'என் கணினியில் சரியாகத்தானே ஓடுகிறது' என்பது பழைய பகிடி. பயனர் சொல்லும் பிழை எனக்குத் தெரியவில்லை என்றால் முறைப்பாட்டை மூடிவிட முடியாது. தேடத் தொடங்க வேண்டும். நம்பித் தேடுவதற்கு ஒரு இரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கானும் செலவாகும். நம்பாமல் விட்டதற்கு அந்தப் பெண் ஆறு வருடங்களைக் கொடுத்தார்.

யாழ்ப்பாணத்தில் என் அம்மா மாதத்தில் சில நாட்கள் பாயில் சுருண்டு கிடப்பார். எழும்பிச் சோறு வடிப்பார். திரும்பவும் படுப்பார். "அம்மா பொறுமைசாலி" என்று அப்பா சொல்வார், மாமிமார் சொல்வார்கள், நானும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் கருப்பையை எடுத்தபோதுதான் கட்டிகள் இருந்தது தெரிந்தது. ஒருவர் தானாக விரும்பி ஏற்கும் பொறுமையை மதிக்கலாம். அம்மாவுக்கு நாங்கள் அந்தத் தெரிவைக் கொடுக்கவில்லை. பொறுமைசாலி என்று பெயர் வைத்தோம். பிறகு அவர் வாய்திறக்க வழியில்லாமல் போயிற்று.

போன ஞாயிறு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, அந்த நாட்களில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னனான்தானே, தம்பி," என்றார். "நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை."